ரெண்டாவது ஆளுக்கும் காசு கட்டினேன், அவரைக் காணோம்!

மக்களே, சொகுசுக் கப்பல் பயணக்கட்டுரைகளைப் படிச்சுப் படிச்சு எனக்கு ஒரு சந்தேகம். நம்மாளுங்க யாருமே கப்பலை விட்டு இறங்குறதே இல்லையா?

பகுதி ஒண்ணுல கப்பல் எவ்ளோ பெருசுன்னு இருக்கும். ரெண்டு, மூணுல பஃபே படங்கள். நாலுல நீச்சல்குளம். கடைசிப் பகுதியில ராத்திரி டின்னர், சர்வர்கள் நாப்கினைச் சுழற்றி ஆடுவாங்க, கைதட்டல், "இனிய நினைவுகளோடு விடைபெற்றோம், முற்றும்". அம்புட்டுத்தான். மறுநாள் காலைல என்ன ஆச்சு, பெட்டி எங்கே போச்சு, வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தீங்க, மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு ஒரு வரி கிடையாது. கல்யாண வீடியோல பந்தி முடிஞ்சதும் கேமராவை அணைச்ச மாதிரி. பாத்திரம் கழுவினவங்களைக் கேட்டாத்தானே தெரியும் கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு!

போன செப்டம்பர்ல நான் தனியா ஒரு மத்தியதரைக்கடல் கப்பல்ல போனேன். ஏழு இரவு, எட்டு பகல். ரோம்ல ஏறி ரோம்ல இறங்குறது, நடுவுல ஜெனோவா, மார்சேய், பார்சிலோனா, பலெர்மோ. ஊரெல்லாம் அழகுதான், அதை நூறு பேர் எழுதியாச்சு. நான் எழுத வந்தது அந்த எட்டாவது பகலைப் பத்தி. அதனால இது பயணக்கட்டுரை இல்லை, சண்டை. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன். ஒரு கம்பெனியோட தப்பு இல்லை இது, அந்தத் தொழிலே பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது.

முதல்ல காசுக் கணக்கு. முப்பது வருஷமா அக்கவுண்ட்ஸ்ல குப்பை கொட்டுறவ நான், வேற எதுல ஆரம்பிப்பேன்?

விளம்பரத்துல போட்டிருந்தது ஒருவருக்கு 800 யூரோ. அந்த 'ஒருவர்' யாருன்னா, ரெண்டு பேரா வர்றதுல ஒருத்தர். நிஜமாவே ஒருத்தரா வந்தா 1,600. இதுக்கு சிங்கிள் சப்ளிமென்ட்னு நாகரிகமா ஒரு பேர். எல்லா இடத்துலயும் முழு ரெட்டிப்பு இல்லை, சில கப்பல்ல ஒண்ணரை மடங்கோட விட்டுடுவாங்க. ஆனா ரெட்டிப்புதான் சகஜம்.

சரி, எனக்கு ரெண்டு பேர் காசு. அப்ப எல்லாத்துலயும் நான் ரெண்டு பேரா? அதான் இல்லை. சாப்பாட்டு மேஜையில எனக்கு ஒரு நாற்காலி. துறைமுக வரி ஒருத்திக்கு. தினமும் பில்லுல தானா ஏறுற டிப்ஸ் ஒருத்திக்கு. குடிபானப் பேக்கேஜ் எடுத்தா தலைக்கு ஒண்ணு. ஆபத்துன்னா உயிர்காப்புப் படகுல எனக்கு ஒரு இடம். இத்தனை இடத்துல தலையை எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு கேபின் வாசல்ல வந்ததும் எண்ண மறந்துடுது. அலமாரியைத் திறந்தா உள்ளே ரெண்டு லைஃப் ஜாக்கெட் தொங்குது. பக்கத்துத் தலையணைக்கும் சேர்த்துத்தான் நான் காசு கட்டியிருக்கேன்.

அடுத்து நாள் கணக்கு. முதல் நாள் மதியம் ஒரு மணிக்குக் கப்பலுக்குள்ள விட்டாங்க. எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு கேபினைக் காலி பண்ணணும். கூட்டிப் பாருங்க, 163 மணி நேரம். ஏழு முழு நாள்கூட இல்லை, இதுக்குப் பேர் எட்டு பகல்! ஏழாம் நாள் ராத்திரியே பெரிய பெட்டியைக் கட்டி, கலர் அட்டை மாட்டி, 11 மணிக்குள்ள கேபின் வாசல்ல வெச்சிடணும். அப்புறம் பல் தேய்க்கிற பிரஷ், மாத்திரை, மறுநாள் உடுத்துற துணி எல்லாம் கைப்பையில. அசந்து போய் நைட்டியோட பெட்டியை அனுப்பிட்டு முழிக்கிறவங்க கதை கப்பலுக்குக் கப்பல் உண்டு :-)

ஏன் இந்த அவசரம்? அன்னிக்குச் சாயங்காலமே அதே கப்பல் அடுத்த கூட்டத்தை ஏத்திக்கிட்டுக் கிளம்பணும். காலைல ஆயிரக்கணக்குல இறங்குறாங்க, மதியம் அதே அளவு ஏறுறாங்க. நடுவுல இருக்கிற சில மணி நேரத்துல அத்தனை கேபினையும் கழுவித் துடைச்சு படுக்கை மாத்தணும். என் வராண்டாவைப் பார்த்துக்கிட்ட தம்பி நாகர்கோவில் பக்கம். அன்னிக்கு அவன் முகத்தைப் பார்க்கணுமே. "யக்கா, இன்னிக்கு மட்டும் எங்கிட்ட ஒண்ணும் பேசாதீங்க, அடுத்த ஆளு வாரதுக்குள்ள முடிக்கணும்"னு சொல்லிக்கிட்டே ஓடுறான். கப்பல் தொழிலாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2006-ல் போடப்பட்டு 2013-ல் அமலுக்கு வந்துச்சு. அதுலயே ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம், வாரத்துக்கு 72 மணி நேரம் வரைக்கும் போகலாம்னுதான் இருக்கு. தொழிலாளியைக் காப்பாத்த வந்த சட்டத்தோட உச்சவரம்பே இதுன்னா, முன்னாடி எப்படி இருந்திருக்கும்? அதே உடன்படிக்கையில இன்னொண்ணும் இருக்கு. ஒப்பந்தம் முடிஞ்சா அந்தத் தம்பியை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு கப்பல் முதலாளியோடது. ரொம்ப நல்ல விஷயம். அவங்க போராடி வாங்கினது, கண்டிப்பா இருக்கணும். ரெட்டிப்புக் காசு கட்டின நமக்குத்தான் கேட்டுக்கு வெளியே எந்த நாதியும் இல்லை.

அடுத்த புளுகு 'ரோம்'. கப்பல் நிக்கிறது ரோம்ல இல்லைங்க, சிவிட்டாவெக்கியாவுல. ரோமப் பேரரசன் டிராஜன் கட்டின பழைய துறைமுகம், பெருமையெல்லாம் சரி, ஆனா ரோமுக்கும் அதுக்கும் 70 கிலோமீட்டருக்கு மேல. திண்டிவனத்துல இறக்கிவிட்டுட்டு 'பாண்டிச்சேரி வந்தாச்சு'ன்னு சொன்னாக்கூட மன்னிக்கலாம், அது பக்கம். கப்பல்காரங்க அகராதியில பாரிஸ்னா லே ஹாவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். பெர்லின்னா வார்னமுண்டே, அது இன்னும் தூரம். லண்டன்னா சவுதாம்ப்டன், ஃப்ளோரன்ஸ்னா லிவோர்னோ. 2021 ஆகஸ்டுல இருந்து வெனிஸ் நகர்க் கால்வாய்க்குள்ள பெரிய கப்பல் வரக்கூடாதுன்னு இத்தாலி தடை போட்டுச்சு. நியாயமான தடை. அதுக்கப்புறமும் சில கம்பெனிகள் 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ராவென்னாவுல நிறுத்திட்டு விளம்பரத்துல வெனிஸ்னே போடுறாங்க. ஊர் பேரு பெரிய எழுத்துல, துறைமுகம் பேரு பொடி எழுத்துல.

ஒரு பகல் சுத்திப்பார்க்கப் போறவங்களுக்கு இந்த தூரம் பஸ்ல ஒரு தூக்கம். பெட்டியோட வீட்டுக்குக் கிளம்புறவளுக்கு அப்படியா? துறைமுகத்துக்குள்ள ஒரு பஸ். வெளியே ரயில் நிலையத்துக்கு இன்னொரு பஸ். அங்கே இருந்து ரயில்ல ரோமின் ட்ராஸ்டெவெரே ஸ்டேஷன். அங்கே இறங்கி சுரங்கப்பாதையில படி இறங்கி ஏறி ஃபியுமிசினோ விமான நிலையத்துக்கு வேற ரயில். கம்பெனியே பஸ் விடுது, அதுக்குத் தனிக் காசு. டாக்ஸி எடுத்தா அந்தக் கட்டணத்தையும் நான் ஒருத்தியே கட்டணும். ஜோடியா வர்றவங்களுக்குப் பாதி. அதாவது கடல்ல மட்டும் இல்ல, கரையிலயும் சிங்கிள் சப்ளிமென்ட்!

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தனியாப் போறவங்களுக்கு இன்னொரு ஆள் எப்பத் தேவைன்னு நினைக்கிறீங்க? சூரிய அஸ்தமனத்துலயா? டின்னர்லயா? சத்தியமா இல்லை. அங்கெல்லாம் நான் ராணி மாதிரி இருந்தேன். இன்னொரு ஆள் தேவைப்படுறது பாத்ரூம் போகும்போது. 'இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கங்க'ன்னு சொல்ல ஒரு ஆள். ஜேப்படித் திருடங்க ஜாக்கிரதைன்னு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் சொல்றாங்க. ரெண்டு பெட்டியையும் விட்டுட்டு ரயில் கழிப்பறைக்குப் போக முடியுமா? காலைல கப்பல்ல போனதுதான். பதினொண்ணரைக்கு ஏர்போர்ட் வந்தா கவுண்டர் இன்னும் திறக்கலை. பெட்டியை ஒப்படைச்சாத்தான் எங்கேயும் நகர முடியும். தண்ணி குடிச்சாப் போகணுமேன்னு தண்ணியே குடிக்காம ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தேன். 52 வயசு, சர்க்கரை வேற. பக்கத்து பெஞ்சுல ஒரு வயசான தம்பதி. அவர் பெட்டியைப் பார்த்துக்க, அம்மா போயிட்டு வந்தாங்க. அப்புறம் அவர் போயிட்டு வந்தார். எனக்குச் சுருக்குன்னுச்சு. ரெண்டாவது ஆளுக்கும்தானே ஏழு நாளாக் காசு கட்டினேன், தேவைப்படுற நேரத்துல அவரைக் காணோமே!

மூணரை மணிக்கு விமானம், நடுராத்திரி வளைகுடாவுல மாறி, காலைல சென்னை. திரிசூலத்துல மின்சார ரயில் ஏறி தாம்பரம், மதியம் வைகை பிடிச்சு திருச்சி. கேபின் கதவைச் சாத்தினதுல இருந்து வீட்டுக் கதவைத் திறக்கிற வரைக்கும் முப்பத்தொண்ணரை மணி நேரம். தாம்பரத்துல ஒரு அம்மா, யாருன்னே தெரியாது, "நீ போயிட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்"னு தானா சொன்னாங்க. பைசா வாங்கலை.

கப்பல்காரங்க சொல்ற நியாயத்தையும் சொல்லிடறேன், இல்லாட்டி பின்னூட்டத்துல வந்து பாடம் எடுப்பீங்க. "கேபின் ஒண்ணுதான், ஒருத்தர் வந்தாலும் ரெண்டு பேர் வந்தாலும் எங்களுக்கு அதே செலவு. அதுவுமில்லாம ரெண்டாவது ஆள் உள்ளே செலவு பண்ணுவார், அது போச்சே." இதுல ரெண்டாவது பாதி உண்மை. பெரிய கப்பல் கம்பெனிகளோட வருமானத்துல சுமார் மூணுல ஒரு பங்கு உள்ளே விக்கிற சரக்கு, சூதாட்டம், சுற்றுலாவுல இருந்துதான் வருது. ஆனா அதோட அர்த்தம் என்ன? பிறக்காத ஒருத்தர் குடிக்காத பீருக்கு நான் நஷ்டஈடு கட்டணும்! முதல் பாதிக்கு பதில்: நம்ம ரயில்ல ஃபர்ஸ்ட் ஏசி கூப்பேல ரெண்டு பெர்த் இருக்கு. தனியாப் போனா ஒரு பெர்த்துக்குத்தான் டிக்கெட். நம்ம ஊர் லாட்ஜ்ல சிங்கிள் ரூம்னு ஒண்ணு காலங்காலமா இருக்கு. கப்பல் கட்டும்போதே ஒத்தை ஆளுக்குன்னு அறை கட்டினா இந்தப் பிரச்சினையே இல்லை.

முடியாதா? முடியும். 2010-ல் வந்த நார்வேஜியன் எபிக் கப்பல்ல தனி ஆளுக்குன்னே 128 அறை கட்டினாங்க. நூறு சதுர அடிதான், கடல் பார்க்கிற ஜன்னல் கிடையாது, ஆனா ஒருத்தருக்கு ஒரு விலை. குவீன் மேரி 2-ல் 2016-ல் புதுப்பிக்கும்போது 15 ஒத்தை அறை சேர்த்தாங்க. 1,300-க்கும் மேல அறை இருக்கிற கப்பல்ல 15! கல்யாணப் பந்தியில பிச்சைக்காரருக்கு ஓரமா ஒரு இலை போட்ட மாதிரி இருக்கு. பெட்டி விஷயமும் அப்படித்தான். சியாட்டல் துறைமுகத்துல கப்பல்ல இருந்தே பெட்டியை விமானத்துக்கு அனுப்புற ஏற்பாடு இருக்கு. மனசு வெச்சா எல்லாத் துறைமுகத்துலயும் பண்ணலாம்.

"உன்னை யாரு தனியாப் போகச் சொன்னா?" இதைக் கப்பல்காரன் கேட்கலை, நம்ம சொந்தக்காரங்க கேட்டாங்க. கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தனியாப் போறவ யாருன்னு நினைக்கிறீங்க? புருஷன் போய்ச் சேர்ந்தவ, கல்யாணம் வேணாம்னு இருந்தவ, பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல இருக்கிறவ, கடல்னாலே வாந்தி எடுக்கிற வீட்டுக்காரரைக் கட்டினவ. இவங்க துணைக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும் காத்திருந்தா நேராக் காவிரிக்கரைக்குத்தான் போகணும், அஸ்தியா. எனக்குத் துணை இல்லைங்கிறது என் குறை கிடையாது. அதுக்கு அபராதம் போடுறதுதான் குறை.

அதனால மக்களே, மூணு விஷயம்.

1. விளம்பரத்துல 'ஒருவருக்கு'ன்னு போட்டா அது ஒருவருக்கா இருக்கணும். இல்லாட்டி 'ஜோடியில் பாதி'ன்னு போடட்டும்.

2. புக் பண்ணுமுன்னாடி ஏஜென்ட்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: ஒத்தை ஆள் அறை இருக்கா? இறங்குற துறைமுகத்தோட நிஜப் பேர் என்ன, அங்கே இருந்து ஏர்போர்ட் எவ்வளவு தூரம்? நாலு பேர் கேட்டா பதில் சொல்லக் கத்துக்குவாங்க.

3. பயணக்கட்டுரை எழுதுற புண்ணியவான்களே, இனிமே கடைசிப் பகுதியையும் எழுதுங்க. எத்தனை மணிக்கு வெளியே தள்ளினாங்க, எத்தனை வண்டி மாறினீங்க, மொத்தம் எவ்வளவு ஆச்சு. நாப்கின் டான்ஸ் படம் ஒண்ணு குறைஞ்சாப் பரவாயில்லை.

டிஸ்கி: "அப்ப இனிமே கப்பலுக்குப் போக மாட்டீங்களா?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: போவேன். தனியாத்தான் போவேன். ஆனா ஒத்தை ஆளுக்கு ஒத்தை விலை சொல்றவன் கப்பல்லதான் ஏறுவேன் :-)