தெளிந்திருக்கும்போதே எழுதி வைப்போம்

சித்தம் கலங்கியவரைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவியில் தலையைக் காட்டினால் தெளிந்துவிடும் என்பது நம் நாட்டில் பழகிப்போன பேச்சு. சாரல் காலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் உடலுக்குத் தரும் குளிர்ச்சியை நாம் மறுக்கவில்லை. ஆனால், அருவியா, தர்காவா, மருத்துவமனையா என்று தந்தையும் தமையனும் மாமன்மாரும் கூடி முடிவு செய்கையில், நோயுற்றவரின் விருப்பத்தை எவரேனும் கேட்டதுண்டா?

கேளாமையின் கொடிய முடிவை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தனியார் காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றிச் சிக்கினர். 28 உயிர்கள் மாண்டன. அத்தகைய இடங்களில் நோயாளிகளை விட்டுவந்தோர் பகைவரா? சொந்த உறவினரே அன்றோ!

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடுக்கிறது. அத்துடன் நில்லாமல், வயது வந்த எவரும் முன்கூட்டியே தம் விருப்பத்தை எழுதி வைக்க உரிமை தருகிறது. நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்று குறித்து, இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் மனநல மீளாய்வு வாரியத்தில் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

“கெட்டதை எழுதினால் கெட்டது வந்துவிடும்” என்பார் சிலர். வஸிய்யத் எழுதியவரெல்லாம் மறுநாளே மவுத்தாகிவிட்டனரா? “பித்தரின் சொல்லைக் கேட்பதா?” என்பார் வேறு சிலர். இது பித்தின் சொல்லன்று. தெளிந்த அறிவின் சொல். அவசரச் சிகிச்சையை இது தடுப்பதுமில்லை. எழுதியது பொருந்தாதெனில் மருத்துவரோ உறவினரோ வாரியத்திடம் மாற்றக் கோரலாம்.

கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. கடன்பட்டவர் அறிவு குறைந்தவராகவோ இயலாதவராகவோ இருந்தால் அவருடைய வலீ நீதியுடன் சொல்லி எழுதுவிக்கட்டும் என்றும் அதே வசனம் வழிகாட்டுகிறது. காசுக்கு இத்தனை காவலென்றால், மனிதனின் மானத்துக்கு வேண்டாமா?

தென்காசி, கடையநல்லூர் ஜமாஅத்துகளைக் கேட்கிறோம்: நிக்காஹுக்குச் சாட்சி நிற்கும் நீங்கள் இந்தத் தாளுக்கும் சாட்சி நில்லுங்கள். ஒருமுறை நோய் கண்டு தேறியவர் வீட்டில் இருந்தால், குடும்பத்தாரே, இன்றே அவரருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். அருவிக்கு அவரை அழைத்துச் செல்வதாயினும், அவர் இசைவோடு அழைத்துச் செல்லுங்கள்.