சேவா சங்கங்களும் பத்திரிகை விளம்பரமும்

புயலோ வெள்ளமோ வந்துபோன மறுவாரத்தில் எந்த ஜில்லாப் பத்திரிகையை எடுத்தாலும் ஒரே மாதிரியான படம் கண்ணிற்படும். அரிசிப் பை ஒன்று. அதைப் பற்றியிருக்கும் எட்டுக் கைகள். சங்கத் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் முதலிய கனவான்கள் காமிராவை நோக்கிப் புன்னகை புரிவார்கள். பையை வாங்கும் மூதாட்டி மட்டும் தலை கவிழ்ந்து நிற்பாள். படத்தின் கீழே கனவான்கள் பெயர்கள் பட்டங்களோடு அச்சாகியிருக்கும். மூதாட்டியின் ஊர் எது, அவ்வூரில் இன்னும் எத்தனை குடும்பங்கள் கூரையின்றித் தவிக்கின்றன என்ற விவரம் இராது.

ரோட்டரி, லயன்ஸ் முதலிய சேவா சங்கங்களின் வேலையைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. 1905-இல் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் (நமது தொழிலும் சிறிது புண்ணியம் தேடிக்கொண்டிருக்கிறது!) மூன்று நண்பர்களோடு தொடங்கிய ரோட்டரி, இன்று நம் தாலூகா ஊர்களிலும் வேரூன்றியிருக்கிறது. ஆபத்துக் காலத்தில் அதன் அங்கத்தினர் கடையை மூடிவிட்டுச் சோற்றுப் பொட்டலம் கட்டுவதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். அப்படியானால் விளம்பரமே வேண்டாம், தருமம் இரகசியமாக நடக்கட்டும் என்று சில பெரியோர் சொல்லுகிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒருவன் தன் பணத்தை இரகசியமாகக் கொடுக்கலாம். ஊராரிடம் வசூலித்த பணத்தை இரகசியமாகச் செலவிட எவருக்கும் உரிமையில்லை. வசூலித்தவர் அப்பணத்திற்குத் தர்மகர்த்தா. கணக்குச் சொல்லுவது அவர் கடமை. அக்கணக்கைப் பொதுஜனங்களுக்கு எட்டச் செய்வது பத்திரிகையின் கடமை.

1934 ஜனவரி 15-இல் பீஹாரில் பூகம்பம் நேர்ந்தபொழுது பாபு ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் கமிட்டி அமைந்தது. அதன் வரவுசெலவுகளைக் கண்காணிக்க அழைக்கப்பட்டவர் தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. கணக்குத் தேர்ச்சி பெற்ற ஒருவரை அங்கே அமர்த்தியதன் கருத்து வெளிப்படை. இன்று நம் ஊர்ச் சங்கங்கள் அனுப்பும் செய்திகளில் தொகையும் செலவும் ஒருங்கே காணப்படுவது எத்தனையில்?

என்ன தேவை என்பதைச் சொல்லாத விளம்பரத்தால் விளையும் தீங்கையும் நாம் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி நாகப்பட்டினத்தைச் சூறையாடிய பின், உதவுங்கள் என்ற கூக்குரல் நாடெங்கும் எழுந்தது. எதைக்கொண்டு உதவுவது என்ற தகவல் அதே வேகத்திற் செல்லவில்லை. லாரி லாரியாகப் பழந்துணி வந்து சேர்ந்தது. முதல் நாள் வரையில் தம் வலையை நம்பிச் சுயமரியாதையோடு வாழ்ந்த மீனவர்கள் அதைத் தொட மறுத்தனர். சாலையோரத்தில் குவிந்து மழையில் நனைந்த துணியை அகற்றுவதே பெரிய வேலையாயிற்று. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் தமக்கு வேண்டியது படகும் வலையும் என்று அம்மக்கள் சொன்னதை அவர்களுக்கு யார் எடுத்துரைத்தார்கள்?

இங்கிலாந்தில் கார்ன்வால் பிரதேசத்து ரோட்டரி சங்கமொன்று 2000-ஆம் வருஷத்தில் ஷெல்டர்பாக்ஸ் என்ற பெட்டியை ஏற்படுத்திற்று. கூடாரம், கம்பளி, சமையற் பாத்திரம் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கும். முதல் 143 பெட்டிகள் 2001-இல் குஜராத் பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்கு வந்தன. பணம் கொடுப்பவனுக்குத் தன் பணம் என்ன பொருளாகிறது என்பது தெரிகிறது. இதைவிடச் சிறந்த விளம்பரம் வேறென்ன வேண்டும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரணியத்தருகே கரையேறியது. அதன் பின்பும் பழைய கதையே. பெருஞ்சாலை ஓரத்து ஊர்களில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உட்கிராமங்களோ காத்துக் கிடந்தன. காமிரா போகும் வழியே நிவாரணமும் போகிறதென்று ஜனங்கள் முணுமுணுத்தால் அவர்களைக் குறை கூற முடியுமா? ஒரே இரவில் தென்னந்தோப்பை முழுதும் பறிகொடுத்த விவசாயி, அதுகாறும் பிறருக்குக் கொடுத்தே பழகியவன், அரிசிக்காகக் கை நீட்டும் வேளையில் அவனைப் படம் பிடித்து ஊரறியச் செய்வது எந்தச் சேவையில் சேரும்?

ஆதலின் சங்கக் காரியதரிசிகளுக்கு நாம் தெரிவித்துக்கொள்வதாவது: எந்தக் கிராமத்திற்கு இன்னும் ஒருவரும் போகவில்லை என்பதை முதல் நாளே எழுதுங்கள், அது தபாலில் வந்தாலும் கைப்பேசியில் வந்தாலும் முதற்பக்கத்தில் இடம் தருவோம். அங்கே தேவைப்படுவது பாலா, தார்ப்பாயா, மருந்தா என்று திட்டமாகக் குறிப்பிடுங்கள். வசூலான தொகையையும் செலவையும் எழுதுங்கள். மிச்சமிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஆறு மாதம் சென்றபின், எல்லோரும் மறந்துவிட்ட சமயத்தில், கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகளில் எத்தனை முடிந்தன என்று மறுபடியும் எழுதுங்கள். இவற்றிற்கு ஒரு காசும் வாங்கமாட்டோம். தலைவரின் படந்தான் வரவேண்டுமென்றால், அதற்கு விளம்பரப் பக்கம் இருக்கிறது; கட்டண விவரத்தை நம் மானேஜரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.