பூட்டு மட்டும் போதுமா?

வாணிகம் கடைவீதியைத் தாண்டி இணையத்தில் ஏறிவிட்ட காலம் இது. பட்டுச் சேலை முதல் பருப்பு வரை வீட்டிலிருந்தபடியே வாங்குகிறோம். அப்போது நாம் தரும் பெயர், முகவரி, கைபேசி எண் யாவும் எங்கோ ஓர் ஊரிலுள்ள கணிப்பொறியில் போய்த் தங்குகின்றன. அதைத்தான் 'சர்வர்' என்கிறோம். வணிக நிறுவனம் ஒன்று தன் இணையதளத்திற்கு எத்தகைய சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? விலை உயர்ந்ததே பாதுகாப்பானது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள். மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைப்பது அதன் தொழில். பணத்திற்குப் பஞ்சமில்லை. பொதுமக்கள் முறையீடு செய்வதற்கான அதன் இணையதளம் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்னும் மென்பொருளைக் கொண்டு இயங்கியது. அம்மென்பொருளில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2017 மார்ச் மாதமே இலவசமாக வெளிவந்தது. நிறுவனமோ அத்தளத்தில் அதைச் சேர்க்கவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தனர். அவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கருவியும் குருடாகிக் கிடந்தது. அதற்குரிய சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஜூலை இறுதியில் அதைப் புதுப்பித்த பின்னரே குட்டு வெளிப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. கருவி இருந்தது, கவனிப்பு இல்லை!

ஆகவே மென்பொருளை வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இதற்குத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும்?' என்பதே. 'சென்ட்ஓஎஸ் 8' 2029 வரை நீடிக்கும் என நம்பியிருந்தவர்கள், அது 2021 டிசம்பரோடு முடியும் என்னும் அறிவிப்பை 2020 டிசம்பரில் கேட்டுத் திகைத்தனர். மாற்று வழியையும் முன்பே எண்ணி வைத்தல் நன்று. தேவையற்ற மென்பொருளை ஏற்றாதிருப்பதும் பாதுகாப்பே. ஒவ்வொன்றும் திருடனுக்கு ஒரு வாசல் அன்றோ?

இனி வன்பொருள். ஒரே விவரத்தை இரண்டு வட்டுகளில் எழுதும் சர்வர் நல்லதே. ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக அழித்தால் இரண்டிலுமே அழியும். தீப்பிடித்தால் இரண்டுமே எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. வேறிடத்தில் நகல் வைத்திருந்தோர் மீண்டனர். அதே இடத்தில் நகலையும் வைத்திருந்தோரில் சிலர் அனைத்தையும் இழந்தனர்.

'சிறு வணிகனுக்கு இவையெல்லாம் கட்டுபடியாகுமா?' எனச் சிலர் வினவலாம். திருத்தங்கள் பெரும்பாலும் இலவசம். நகலுக்கு வேறோர் ஊரில் வாடகைக்குச் சிறிது இடம் போதும். வாரந்தோறும் இவற்றைச் சரிபார்க்கப் பொறுப்புள்ள ஒருவர் வேண்டும். சர்வருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவருக்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

வாடிக்கையாளர் தரும் விவரம் வணிகனிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். நாளை வணிக நிறுவனங்களில் பொறுப்பேற்கப் போகும் மாணவ நண்பர்களே! விலைப்பட்டியலைப் புரட்டுமுன், 'இதை யார் கவனிப்பார்?' என்று கேட்கப் பழகுவோமாக!