இரு எரிபொருள் மின்பிறப்பாக்கி

பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கோப்பாய்த் தோட்டக்காரர் நன்கறிவர். ஆதலின் பெற்றோலிலும் சமையல் வாயுவிலும் இயங்கும் சிறு மின்பிறப்பாக்கி நமக்கு முற்றிலும் புதுமையன்று. ஆயினும் வாங்குமுன் சிலவற்றை எண்ணுதல் வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திலோம். அவ்வாண்டிற் பெற்றோல், வாயு இரண்டுக்குமே தட்டுப்பாடு. எனவே இரண்டிலும் ஓடும் என்பது மட்டும் போதாது; ஒன்றையேனும் சேமித்து வைத்தல் வேண்டும். பெற்றோல் சில மாதங்களிற் கெடும். சிலிண்டர் வாயு ஆண்டுக்கணக்காகக் கெடாது. ஆனால், வாயுவில் ஓட்டும்போது வலு சற்றுக் குறையும்.

மாணவரின் கணினிக்குச் சீரான மின் தரும் இன்வேட்டர் வகையே ஏற்றது. விளக்குக்கும் விசிறிக்கும் கணினிக்கும் 1,000 வாற்று போதும். கிணற்று மோட்டரோ, அரைக் குதிரைவலுவே ஆயினும், கிளம்பும் கணத்திற் பன்மடங்கு மின் கேட்கும். அதற்கு 2,000 வாற்றுக்குக் குறையாதது வேண்டும்.

விலையினும் பெரிது உயிர். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமின்றிக் கொல்லும். மாரி மழையிலும் இயந்திரத்தை வீட்டினுள்ளோ விறாந்தையிலோ ஓட்டலாகாது. யன்னலுக்கு 20 அடியேனும் விலகி, காற்றோட்டமுள்ள கூரையடியில் முற்றத்திலேயே ஓட்டுக. அத்தகைய இடமில்லாதார் வாங்காதிருத்தலே நன்று.