அளந்தவரை மறந்துவிட்டோம்



மரவள்ளி பிடுங்கி முடித்த காட்டில் வரப்பு வெட்ட ஆரம்பித்தால் கூடவே வம்பும் வந்துவிடும். "கல்லைத் தள்ளி நட்டுட்டாங்க" என்று பங்காளிகளுக்குள் சத்தம் கிளம்பும்; தாலுகா ஆபீசுக்கு மனு போகும். சர்வேயர் வந்து, புலப்படத்தை விரித்து, மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் கல்லின் தலையைக் கடப்பாரையால் தட்டிக் காட்டிய பிறகுதான் ஊர் அடங்கும். அரை அடி நிலத்துக்கு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை!

கம்பெனி ஆட்சி வந்ததும் இந்தக் காடுகளையெல்லாம் அளக்கவைத்தவர் யார் தெரியுமா? 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் சேலம் சீமையையும் பாரமகாலையும் விட்டுக்கொடுத்தபோது, இங்கே கலெக்டராக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். சிவில் அதிகாரிகளுக்கு நம் மொழி தெரியாது என்று பட்டாளத்துக்காரரையே அனுப்பினார் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ். உதவிக்கு வந்த மூவர் மெக்லியோட், கிரகாம், தாமஸ் மன்றோ.

ஊர் ஊராக, வயல் வயலாக அளந்தார்கள். புஞ்சை, நஞ்சை, தோட்டம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தீர்வை விதித்தார்கள். 1796 டிசம்பர் 10இல் ரீட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். குடியானவர் ஆண்டுதோறும் தனக்கு வேண்டிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம், வைத்திருக்கும் நிலத்துக்கு மட்டும் தீர்வை கட்டினால் போதும். நடுவில் ஜமீன் எதற்கு என்ற ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. தீர்வை என்னவோ கடுமைதான். கம்பெனி தர்மத்துக்கா அளந்தது? ஆனாலும் உழுகிறவன் பெயர் நேராகக் கணக்கில் ஏறியது சின்ன விஷயமில்லை என்றே நினைக்கிறேன்.

1799இல் ரீடின் காலம் இங்கே முடிந்தது. அவரிடம் தொழில் பழகிய மன்றோ பின்னாளில் சென்னை கவர்னரானார். தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் சிலையாக இன்றும் நிற்கிறார். சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை என்று அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. குருநாதர் ரீடின் பெயர் சேலத்துக்காரர்களுக்கே தெரியாது. வெயிலில் நடந்து அளந்த உள்ளூர் ஆட்கள், ஏட்டில் எழுதிய கர்ணங்கள் பெயர் அதைவிட மறைந்துபோயிற்று.

அதனால் ஒரு வேண்டுகோள். சங்கிலி பிடித்த காலத்து சர்வேயர்கள் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற பிறகு ரோட்டரி, லயன்ஸ் சங்கம், நூலகம், ஏரி தூர்வாருதல் என்று ஊருக்காக அலைந்தவர்களும் அவர்களில் இருக்கலாம். ராசிபுரமோ, திருச்செங்கோடோ, ஆத்தூரோ, அப்படி ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்