பேருந்து நேரம் முதல் வங்கிக் கணக்கு வரை: ஏபிஐ சாவி யார் கையில்?

சிராங்கூன் ரோட்டில் நின்றபடி, அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று கைப்பேசியில் பார்க்கிறீர்கள். உட்கார இடம் கிடைக்குமா என்பதுகூட நிறத்தை வைத்தே தெரிந்துவிடுகிறது. அந்தச் செயலியை உருவாக்கியவரிடம் பேருந்தும் இல்லை, பேருந்தைக் கண்காணிக்கும் கருவியும் இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் 'டேட்டாமால்' தளத்திலிருந்து தகவல் வருகிறது.

ஒரு கணினி அமைப்பு இன்னொன்றிடம் இப்படிக் கேட்டு வாங்கும் வழிதான் ஏபிஐ. முன்பு நிரலாளர்களின் வேலையாக இருந்தது. இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கூட பைத்தானிலோ பவர் பிஐயிலோ சீக்கிரமே இணைப்பைப் போட்டுவிடலாம். ஏஐயிடம் கேட்டால் அதுவே எழுதிக் கொடுக்கும். ஆனால் அது எழுதிக் கொடுப்பதில் சாவி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

இலவசத் தகவலுக்கு எதற்குச் சாவி?

டேட்டாமாலில் பதிவு செய்தால் 'அக்கவுண்ட் கீ' என்ற நீண்ட எழுத்துச் சரம் கிடைக்கும். ஒவ்வொரு கோரிக்கையோடும் அதை அனுப்ப வேண்டும். பேருந்து நேரம் ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனால் கேட்பது யார் என்று தெரிந்தால்தான், விநாடிக்கு ஆயிரம் முறை கேட்டுச் சேவையை முடக்குபவரை மட்டும் தனியாகத் தடுக்க முடியும். உங்கள் சாவியை எடுத்து வேறொருவர் அதைச் செய்தால், தடை உங்களுக்குத்தான்.

அந்தச் சாவியைக் கோரிக்கையின் தலைப்பகுதியில் வைக்கச் சொல்கிறார்கள். இணைய முகவரியிலேயே ஒட்டினால், உலாவியின் பழைய பதிவுகளிலும் சர்வர் பதிவேட்டிலும் நண்பருக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டிலும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

தலைப்பகுதியில் வைத்தால் மட்டும் போதாது. பவர் பிஐயில் சாவியை நேரடியாக ஒட்டிவிட்டு, கோப்பை வகுப்பு முழுவதற்கும் அனுப்பினால், 'அட்வான்ஸ்ட் எடிட்டர்' பகுதியைத் திறக்கும் யாரும் அதைப் படிக்கலாம். கிட்ஹப் இன்னும் மோசம். "ஐயோ, போட்டுட்டேனே!" என்று அடுத்த நிமிடமே அழித்தாலும், பழைய பதிப்பில் சாவி அப்படியே இருக்கும். அதை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி. கூகல் கோலாப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓரத்தில் சாவிப் படத்தோடு 'சீக்ரெட்ஸ்' என்ற பகுதியே இருக்கிறது. அதில் வைத்தால், நோட்புக்கைப் பகிர்ந்தாலும் சாவி கூடவே போகாது.

சிங்கப்பூர் நில ஆணையத்தின் 'ஒன்மேப்' வரைபடச் சேவை வேறொரு வழியைப் பிடித்திருக்கிறது. அது தரும் டோக்கன் 3 நாளில் காலாவதியாகிவிடும். மாணவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் தொலைந்த டோக்கன் அடுத்த வாரம் யாருக்கும் உதவாது.

பணம் என்று வந்தால்?

உங்கள் எல்லா வங்கிக் கணக்குகளையும் ஒரே இடத்தில் காட்டும் செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் இருந்த பழைய வழி, உங்கள் பயனீட்டாளர் பெயரையும் மறைச்சொல்லையும் அந்தச் செயலியிடமே கொடுத்துவிடுவது. கணக்கைப் பார்க்க மட்டும் சொன்னோம் என்பது நமக்குத் தெரியும். மறைச்சொல்லுக்குத் தெரியாதே!

2020 டிசம்பரில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் அரசாங்கத்தின் மின்னிலக்கக் குழுமமும் தொடங்கிய 'எஸ்ஜிஃபின்டெக்ஸ்' இதை மாற்றி அமைத்தது. தொடக்கத்தில் 7 வங்கிகள் சேர்ந்தன. நீங்கள் சிங்பாஸ் வழியாக உள்ளே சென்று, எந்தத் தகவல் யாருக்குப் போகலாம் என்று சம்மதம் கொடுக்கிறீர்கள். மத்திய சேம நிதி, வீவக கடன், வங்கி இருப்பு ஆகியவை அங்கிருந்து நீங்கள் தேர்ந்தெடுத்த செயலிக்குச் செல்கின்றன. மறைச்சொல் யாரிடமும் போவதில்லை. தகவலைப் பார்க்கலாம், பணத்தை நகர்த்த முடியாது. நடுவில் இருக்கும் எஸ்ஜிஃபின்டெக்ஸ் உங்கள் நிதி விவரங்களைச் சேமித்து வைப்பதும் இல்லை. சம்மதத்துக்கு ஆயுள் ஓராண்டு, அதற்கு முன்பே நீங்கள் திரும்பப் பெறலாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஓராண்டு. இணைப்பைத் திறப்பதில் காட்டும் ஆர்வம் அதை மூடுவதில் யாருக்கும் இருப்பதில்லை. அந்த மறதி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை சிங்கப்பூர் ஒருமுறை பார்த்திருக்கிறது.

மூடாத வழி

2018இல் சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து சுமார் 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. ஏறக்குறைய 160,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அதில் ஒருவர். அங்கே தொலைந்தது ஏபிஐ சாவி இல்லை. ஆனால் விசாரணைக் குழு கண்டவற்றில் ஒன்று நம் விஷயத்துக்கு மிக நெருக்கம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சர்வர்களுக்கும் நோயாளிகளின் தரவுத்தளத்துக்கும் இடையே ஓர் இணைப்பு திறந்தே இருந்தது. நிர்வாகக் கருவிகளுக்காக வைத்திருந்தார்கள், ஆனால் அது இருந்தே ஆக வேண்டிய அவசியம் இல்லை. ஊடுருவியவர்கள் அந்த வழியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2019 ஜனவரியில் கணினி அமைப்புகளை நடத்திய ஐஹிஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது.

பெரிய நிறுவனங்களின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையோ உணவகமோ ஆர்டர் செயலியையும் வாடிக்கையாளர் பட்டியலையும் ஓர் அட்டவணையோடு இணைத்திருக்கலாம். அந்த வேலையைச் செய்துகொடுத்தவர், விடுமுறையில் பகுதிநேரமாக வந்த ஒரு மாணவராக இருக்கலாம். அவர் இப்போது தேசிய சேவையில் இருப்பார், அவர் பெயரில் வாங்கிய சாவி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அதன் வழியாக 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிநபர் தகவல் கசிந்து, அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று உறுதியானால், 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க வேண்டியவர் அந்த மாணவர் இல்லை, கடைக்காரர்.