டைரக்ட் கொடுத்துட்டேன் சார்!

எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு ஒரு வார்த்தையின் மீது தீராத பகை உண்டாகிவிட்டது. ‘டைரக்ட்’ என்பதுதான் அந்த வார்த்தை.

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் கெட்டுப்போகும். வருகிறவர் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, “டைரக்ட் கொடுத்துட்டேன் சார், இனிமே பிரச்சினையே வராது” என்பார். அன்று முதல் தொட்டி நிரம்பியதா என்று பார்ப்பது நம் வேலை. மறந்தால் தெருவெல்லாம் தண்ணீர். காரின் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றாமல் போனாலும் இதே வைத்தியம்தான், இதே வசனம்தான். அந்த வைத்தியத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

என்னிடம் இருப்பது கார்பரேட்டர் காலத்துச் சின்னக் கார். பணியில் இருந்தபோது வாங்கியது, ஏசி கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் அதில் ஃபேன் தானாக ஓடுவது நின்றுபோனது. பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பி, “தெர்மோ சுவிட்ச் போயிடுச்சு. அதெல்லாம் இப்ப கிடைக்கிறது கஷ்டம். டைரக்ட் கொடுத்துடறேன்” என்றார். தெர்மோ சுவிட்சின் ஒயரைப் பிடுங்கி டேப் சுற்றினார். ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தை ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வீட்டுச் சுவிட்ச் வழியாகக் கொண்டுவந்தார். “டிராஃபிக்ல நிக்கும்போது போட்டுக்குங்க, ரோட்டுல ஓடும்போது நிறுத்திக்குங்க. எல்லாம் உங்க கன்ட்ரோல்ல இருக்கு சார்!” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. விமானம் ஓட்டுகிறவன்போல எட்டு மாதம் அந்தச் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் ஓட்டினேன்.

ஒன்பதாவது மாதம், மே மாத மதியம். கண்ணில் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவியை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போய்விட்டு அரியாங்குப்பம் திரும்பிக்கொண்டிருந்தேன். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருந்தது. இதோ திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை, பழைய பேட்டரி மீது அவநம்பிக்கை. இரண்டும் சேர்ந்து இன்ஜினை அணைக்கவில்லை. எந்தச் சொட்டு மருந்து எத்தனை வேளை என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். சுவிட்ச் ஞாபகத்துக்கு வரவில்லை. டெம்பரேச்சர் முள்ளையும் பார்க்கவில்லை.

“என்னங்க, முன்னால புகை வருது” என்று அவள்தான் சொன்னாள். அது புகையல்ல, ஆவி. பானெட்டைத் திறந்ததும் உதவிக்கு ஓடிவந்த ஓர் இளைஞர் ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போனார். நான் போட்ட கூச்சலில் கையை இழுத்துக்கொண்டார். அந்த மூடி உள்ளே அழுத்தத்தை நிறுத்திவைப்பது. அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். கண்ணுக்குக் கட்டுப் போட்டவளை வெயிலில் நிறுத்தியதும், அந்தப் பிள்ளையின் முகம் வெந்துபோக இருந்ததும் இன்றும் தூக்கத்தில் வருகின்றன. ஹெட் கேஸ்கெட் போய், அலுமினிய ஹெட் வளைந்து, அதை ஃபேஸிங் செய்யக் கொடுத்து வாங்கிய செலவு அதற்குப் பிறகுதான் ஞாபகம் வருகிறது.

தம்பி சொன்னது சரிதான். எல்லாம் என் கன்ட்ரோலில்தான் இருந்தது. அதுதான் கோளாறே!

அம்பாசடரிலும் பழைய ஃபியட்டிலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இன்ஜின் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் ஃபேன் சுற்றும். பிறகு வந்த கார்களில் ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்தது. தேவையானபோது மட்டும் ஓடட்டும் என்பது ஏற்பாடு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நெரிசலில் நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரியைத் தாண்டும்போது தெர்மோ சுவிட்ச் மின்சுற்றை மூடி ஃபேனை ஓட்டும். சில டிகிரி இறங்கியதும் விட்டுவிடும். தூங்காத, மனைவியோடு பேசாத, வயதாகி மறக்காத காவலாளி அது. அதைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் எழுபது வயதுக் கிழவனை உட்காரவைப்பதற்குப் பெயர் ரிப்பேரா?

கைச் சுவிட்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று என் காரில் ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பொருத்துவது என்பதில்தான் சண்டை.

பள்ளியில் எங்கள் முசே ஒரு தட்டையான 4.5 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன பல்ப், இரண்டு சுவிட்சுகள் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். இரண்டு சுவிட்சையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் ‘ஆன் செரி’. இரண்டையும் போட்டால்தான் பல்ப் எரியும். எதை அணைத்தாலும் அணையும். பக்கவாட்டில் தனித்தனி வழியாக இணைத்தால் ‘ஆன் தெரிவசியோன்’. எதைப் போட்டாலும் எரியும். இரண்டையும் அணைத்தால்தான் அணையும். பத்துப் பதினோரு வயதில் கற்றது. அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்த பிறகு இதே பாடத்தைக் கோப்புகளில் பார்த்தேன். இரண்டு அதிகாரிகளும் கையெழுத்திட வேண்டும் என்பது முதல் வகை. இருவரில் யார் கையெழுத்திட்டாலும் போதும் என்பது இரண்டாவது வகை. அதிகாரி விடுப்பில் போனால் பொறுப்பு அதிகாரி கையெழுத்திடுவார். அதற்காக அதிகாரியின் நாற்காலியைத் தூக்கி வெளியே எறிவதில்லை!

காருக்கு வேண்டியது இரண்டாவது வகை. கைச் சுவிட்ச் ஃபேனை ஓடவைக்கலாம். ஓடுகிற ஃபேனை நிறுத்தும் அதிகாரம் அதற்கு ஒருபோதும் இருக்கக் கூடாது. ‘ஆஃப்’ என்றால் ‘ஃபேன் நில்’ என்று பொருளல்ல. ‘நான் தலையிடவில்லை, தெர்மோ சுவிட்ச் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று பொருள். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் மறதி யாருக்கும் கேடு செய்யாது.

அடுத்தது ரிலே. பிரெஞ்சில் ‘ரெலே’ என்றால் அந்தக் காலத்தில் களைத்த குதிரைகளை மாற்றிக்கொள்ளும் வழித்தங்கல். மின்சாரத்திலும் அதே கதைதான். சுவிட்ச் வழியாக வருவது சிறிய மின்னோட்டம். ரிலேயில் அது நின்றுவிடும். அங்கிருந்து பெரிய மின்னோட்டம் பயணத்தைத் தொடரும். சின்னக் காரின் ஃபேன்கூட 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போலச் சில மடங்கு. ரிலேயின் சுருளுக்கோ கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. தம்பி போட்ட வீட்டுச் சுவிட்சைப் பிறகு கழற்றிப் பார்த்தபோது உள்ளே கருகி, பிளாஸ்டிக் இளகியிருந்தது. இன்ஜின் வேகாமல் இருந்திருந்தால் டேஷ்போர்டு வெந்திருக்கும்.

என் காரைப் போன்ற பழைய கார்களில் சரியான ஏற்பாடு இதுதான். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து, அதன் அருகிலேயே ஒரு பியூஸ் வைத்து, தடித்த ஒயரில் ரிலேயின் 30ஆம் முனைக்கு வர வேண்டும். 87ஆம் முனையிலிருந்து ஃபேனுக்கு. 86க்குச் சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம். 85இலிருந்து தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த். இதுவரை தானாக ஓடும் பகுதி. இனி நம் கைச் சுவிட்ச்: அதே 85இலிருந்து ஒரு மெல்லிய ஒயர் டேஷ்போர்டு சுவிட்சுக்கு, சுவிட்சின் மறுமுனை எர்த்துக்கு. அவ்வளவுதான். தெர்மோ சுவிட்சின் ஒயர் எங்கும் அறுபடவில்லை, கவனித்தீர்களா?

சாவியோடு சேர்ந்த மின்சாரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நேரே பேட்டரியிலிருந்து எடுத்து, இரவு சுவிட்சை அணைக்க மறந்தால், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை 10 ஆம்பியர் ஃபேன் மூன்றரை மணி நேரத்தில் குடித்துவிடும். 87இலிருந்து ஒரு சின்ன விளக்கையும் டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். யார் கட்டளையிட்டாலும் ஃபேனுக்கு மின்சாரம் போனால் அது எரியும். ஆனால் மோட்டாரே செத்துப்போயிருந்தாலும் எரியும். ஆகவே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு வரும் எதிர்வாதங்கள் இரண்டு. ஒன்று, “எப்போதும் ஓடும்படி விட்டுவிட்டால் மறதிக்கே இடமில்லையே?” என்பது. ஓட்டலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் வீணாகத் தேயும். ஒருநாள் மோட்டார் நின்றுபோகும். இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அது நின்றது தெரியாது. கோளாறை மறைப்பது கோளாறைச் சரிசெய்வது ஆகாது.

இன்னொன்று, பெரிய சர்வீஸ் நிலையத்தில் டை கட்டிய பிள்ளைகள் சொல்வது: “பழைய கார் சார், மாத்திடுங்க.” புதிய கார்களைப் பற்றி அவர்கள் எச்சரிப்பதில் நியாயம் உண்டு. அவற்றில் ஃபேனைக் கம்ப்யூட்டர் ஆள்கிறது. சென்சார் செத்தால் ஃபேனை விடாமல் ஓடவைக்கும் பாதுகாப்பும் பல கார்களில் உண்டு. அங்கே நாம் கத்தரிக்கோலோடு நுழையக் கூடாது. ஆனால் ஒரு ரிலே, ஒரு பியூஸ், சில மீட்டர் ஒயர், ஒரு புதிய தெர்மோ சுவிட்ச் ஆகியவற்றால் தீர்கிற வியாதிக்குக் காரையே புதைக்கச் சொல்வது என்ன வைத்தியம்? தேடியபோது என் காருக்கு அந்தச் சுவிட்ச் கிடைக்கத்தான் செய்தது. ‘கிடைக்காது’ என்றதற்குத் ‘தேட நேரமில்லை’ என்றுதான் அர்த்தம்.

சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் மற்றதை மறந்துவிடாதீர்கள். நெரிசலில் சூடேறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். நெடுஞ்சாலையிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று தேடுங்கள். கூலன்ட் குறைந்தால் தெர்மோ சுவிட்ச் தண்ணீரில் நனையாமல் ஏமாந்துவிடும். அப்போது கைச் சுவிட்சைப் போட்டு என்ன பயன்? காலி ரேடியேட்டருக்கு விசிறிக்கொண்டிருக்கும்!

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. திறந்த இடத்தில் காரை நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, கைச் சுவிட்ச் இருந்தால் அணைத்துவைத்து, ஏசி இருந்தால் அதையும் அணைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. கண் முள்ளின் மீதே இருக்கட்டும். ஃபேன் தானாகக் கிளம்பி, சற்று நேரத்தில் தானாக நின்றால் உங்கள் காவலாளி விழித்திருக்கிறான். முள் சிவப்பை நோக்கிப் போயும் ஃபேன் கிளம்பாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்தவர் ‘டைரக்ட்’ என்று வாயெடுத்தால், “தம்பி, சுவிட்சை அணைச்சாலும் ஃபேன் தானா ஓடுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘ஓடும்’ என்று சொல்லி, அதை ஓட்டியும் காட்டுகிறவரிடம் மட்டும் சாவியைக் கொடுங்கள்.